இலட்சுமணசாமி முதலியார், ஆற்காடு

இலட்சுமணசாமி முதலியார், ஆற்காடு (14 அக்டோபர் 1887 – 15 ஏப்ரல் 1974): மகப்பேறு மருத்துவர், கல்வியாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அப்பல்கலைக்கழகத்தில் வேறெவரும் இத்தனை காலம் அப்பதவி வகித்ததில்லை.

கர்நூலில் இரட்டையருள் இளையவராகப் பிறந்தார். மூத்தவரான இராமசாமி முதலியார் நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர், 1946இல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவரானவர். கர்நூல் நகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு 1903இல் சென்னைக்கு வந்த சகோதரர்கள் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தனர். அக்கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது. பின்னர் அண்ணன் சட்டம் படிக்க, தம்பி மருத்துவம் படித்தார். எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய இவர், 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. 1938இல் வெளியான இவருடைய மகப்பேற்று மருத்துவ நூல், பின்னர் கிருஷ்ண மேனனையும் இணையாசிரியராகக் கொண்டு புதுப்பிக்கப்பெற்று, இன்றும் மருத்துவ மாணவர் கையில் ‘முதலியார் – மேனன்’ என்ற பெயரிலேயே புழங்குகிறது.

முதலியார் பொறுப்பேற்றபோது, 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் துறைகள் சில இருந்தாலும், தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் முதன்மை வேலையாக இருந்தது. அதை ஆராய்ச்சி நடக்கும் இடமாக மாற்றியதே இவருடைய தலையாய சாதனை. போர்க்காலத்திலேயே, 1944இல், அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாயிற்று. கணித மேதை இராமானுஜன் பெயரில் அவ்வள்ளல் 1950இல் நிறுவிய கணித நிலையம் பணமின்றித் தவித்தபோது, 1957இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக் காத்தது.

ஆள் தேர்வில் இவருக்கிருந்த கூர்மைக்கு இயற்பியல் துறையே சான்று. புதிய துறைக்குத் தலைமையேற்குமாறு சர் சி. வி. இராமனை அணுகினார். அவர் தம் மாணவர் ஜி. என். இராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம் 1952இல் துறையை ஒப்படைக்க முதலியார் தயங்கவில்லை. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் என்னும் புரதத்தின் மாதிரிகள் கிடைத்தன. இரண்டே ஆண்டுகளில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூவிழைத் திருகு வடிவம் கொண்டது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினர். புரதங்களின் வடிவை ஆராய்வோர் உலகெங்கும் பயன்படுத்தும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ 1963இல் இதே துறையிலிருந்து வெளிவந்தது. முதலியார் ஓய்வு பெற்ற சிறிது காலத்திலேயே இராமச்சந்திரனும் பெங்களூருக்குச் சென்றுவிட்டார். நீண்ட பதவிக்காலத்தைக் குறைகூறுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆய்வுத் துறை வேரூன்ற ஆண்டுகள் பல தேவைப்படும்.

நாடு முழுவதும் இவர் பெயரை அறியச் செய்தது 1952இல் நடுவண் அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழு. ‘முதலியார் குழு’ எனப்படும் அது, மறு ஆண்டே அறிக்கை தந்தது. இன்டர்மீடியட் வகுப்பை நீக்கிப் பட்டப்படிப்பை மூன்றாண்டாக்குதல், இடைநிலைப் பள்ளிகளில் தாய்மொழி அல்லது வட்டார மொழியைப் பயிற்றுமொழியாக்குதல், தொழில், வணிகம், வேளாண்மை, மனையியல், நுண்கலை ஆகியவற்றையும் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளைத் திறத்தல் ஆகியவை அதன் முக்கியப் பரிந்துரைகள். பல்நோக்குப் பள்ளிகள் தழைக்காமற் போனதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் இல்லாமையே காரணம், திட்டத்தில் பிழையில்லை.

1959இல் அமைந்த சுகாதார ஆய்வு, திட்டக் குழுவுக்கும் இவரே தலைவர். 1961இல் உலகச் சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கினார். பத்ம பூஷண் (1954), பத்ம விபூஷண் (1963) விருதுகள் பெற்றார்.

இவர் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சியெல்லை, சிதம்பரம் நீங்கலாகத் தமிழகம் முழுவதும் பரவியிருந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அது சுருங்கலாயிற்று. அதன் இணைப்புக் கல்லூரிகள் இப்போது சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மட்டுமே உள்ளன. தரமணியிலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் முதலியாரின் பெயரைத் தாங்குகிறது.