ஆராய்ச்சி மணியும் தோட்டத்து மக்களும்

கன்றை இழந்த பசுவுக்கும் ஆராய்ச்சி மணியின் கயிறு எட்டியது என்பது நாம் வகுப்பறையில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அக்கதையில் யான் வியப்பது மன்னனின் நீதியையன்று. கயிறு தாழத் தொங்கியதையே ஆகும். மக்களின் கருத்தைக் கேட்டு ஆள்கிறோம் என்று அரசுகள் கூறுங்கால், அக்கயிறு யாருடைய கைக்கு எட்டுகிறது என்பதே முதல் வினா. கடாரம் என நம் முன்னோர் வழங்கிய கெடா மாநிலத்துத் தோட்ட மக்களின் வரலாற்றை இவ்வினாவோடு அணுகுதல் தகும்.

1928இல் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என வகுக்கப்பட்ட நாட்கூலி, 1930க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது பெரிதும் குறைக்கப்பட்டது. நிலைமையை அறிந்துவர இந்திய அரசாங்கம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை 1936 டிசம்பரில் மலாயாவுக்கு அனுப்பியது. 1937இல் வெளிவந்த அவர்தம் அறிக்கை பழைய கூலியை மீண்டும் வழங்கப் பரிந்துரைத்தது. ஆயினும், தோட்டத் துயரை அது மென்மையாகவே எடைபோட்டது என்று இங்கிருந்த இந்தியச் சங்கத்தார் குறைகூறினர். அக்குறை பொருளற்றதன்று. துரையும் கிராணியும் பக்கத்தில் நிற்க, லயத்து வாசலில் கைகட்டி நிற்பவன் என்னதான் சொல்லியிருப்பான்? 1938இல் கூலி மறுபடியும் குறைந்தது. அவ்வாண்டிலேயே இந்திய அரசு தொழிலாளரை இங்கு அனுப்புவதற்குத் தடை விதித்தது.

கேளாச் செவியின் விலையைக் கெடா பத்தாண்டுக்குள் கண்டது. போர் முடிந்தபின் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர்களுள் முதன்மையானவர். அவர்கள் முதற்கண் எதிர்த்தது எந்த ஆட்சியையும் அன்று. தொழிலாளியின் கூலியை விழுங்கிய கள்ளுக்கடையைத்தான். வரிசையாக அணிவகுத்துச் சென்று கடைகளை அடைக்கச் சொன்ன இளைஞரிடத்தில் அதிகாரிகள் கலகத்தைக் கண்டனர், கோரிக்கையைக் காணவில்லை. 1947இல் போலீசாருடன் நேர்ந்த மோதல்களில் உயிர்ப்பலியும் ஏற்பட்டது. கள்ளுக்கடை வேண்டாம் என்னும் ஒரு சொல்லைக் கேட்பதற்கு ஆணைக்குழுவா வேண்டும்?

விடுதலைக்கு முன், 1956இல், ரீட் ஆணைக்குழு நாடெங்கும் சென்று 131 மகஜர்களைப் பெற்றது. நல்ல முறைதான், ஆனால் மகஜர் எழுதுவது அமைப்பும் ஆங்கிலமும் கைவரப்பெற்றோர்க்கே எளிது. ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களோ 1974இல் மகஜர் எழுதவில்லை. ஆயிரக்கணக்கில் திரண்டு வீதிக்கு வந்தனர்.

இன்று கயிறு கைப்பேசிக்குள் இருக்கிறது. 2011 முதல் 2012 வரை கல்விப் பெருந்திட்டத்திற்காக அமைச்சு 55,000க்கும் மேற்பட்டோரிடம் கருத்தறிந்தது. 200க்கும் மேற்பட்ட மகஜர்களும் வந்தன. 2017இல் தொடங்கப்பெற்ற டிஎன்50 திட்டத்தில் இளைஞரின் விருப்பங்கள் சமூக ஊடகங்கள் வழியாகவும் திரட்டப்பட்டன. மறு ஆண்டு ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஐஸ்லாந்து நாட்டிலோ 2011இல் அரசியலமைப்பு வரைவையே இணையத்தில் வைத்து மக்களிடம் திருத்தம் கேட்டனர். மறு ஆண்டு வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் மூவரில் இருவர் அதனை ஆதரித்தும், நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கவில்லை. கேட்பது வேறு, ஏற்பது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் மாணவர்க்கு வேண்டியதில்லை.

ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது நம்மவர் பலர் லயங்களை விட்டு சுங்கைப் பட்டாணி, கூலிம் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் குரல் இன்னும் பிறர் வாய்வழியே செல்கிறது. அண்மையில் ஓர் இணையக் கருத்தறி படிவத்தை நிரப்பத் தோட்டத்துத் தாய் ஒருவர் தம் மகளுடன் பள்ளிக்கு வந்தார். வினாக்கள் மலாயில் இருந்தன. மகள் படித்துத் தமிழில் சொன்னாள். "பஸ் வந்தா போதும் சார், பிள்ளைங்க மழையில நடக்குதுங்க" என்றார் தாய். மகள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தரப்பட்டிருந்த நான்கு விடைகளுள் பேருந்து இல்லை. சற்றுத் தயங்கி, மூன்றாவது விடையைத் தொட்டாள்.