கற்படுக்கையும் கற்பலகையும்

தமிழகத்தில் கல்லைச் செதுக்கி வழவழப்பான தளமாக்கிய தொன்மையான பணிகளுள், சமண முனிவர்களுக்காக அமைந்த கற்படுக்கைகள் முதன்மையானவை. இயற்கைக் குகையின் தரையைச் சமன்செய்து, தலைமாட்டைச் சற்றே உயர்த்தித் தலையணையாக்கினர். மழைநீர் உள்ளே வழியாதவாறு குகை முகப்பின் மேல் காடி வெட்டினர். மலையின் உருவம் மாறவில்லை. முனிவர் ஒருவர் படுக்கும் அளவே உளி தொட்டது.

இவை இல்லறத்தாரின் கொடைகள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் மாங்குளம் கல்வெட்டுகள், கணிநந்தன் என்னும் முனிவருக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் செய்வித்த பள்ளியைக் குறிக்கின்றன. அழகர்மலையில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. கீழவளவிலோ தொண்டியைச் சேர்ந்த ஓர் உபாசகரின் கொடை பொறிக்கப்பட்டுள்ளது. சிறுவணிகரும் தம் வருவாயில் ஒரு பகுதியை அறத்திற்கு ஈந்தனர் என்பதற்கு இப்பாறைகளே சான்று.

அதே மேலூர் வட்டாரப் பாறைக்கு இந்நாளில் வேறொரு மதிப்பு ஏற்பட்டுள்ளது. பெருங்கற்களாக அறுத்தெடுத்து, இயந்திர வாளால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகளாக்கி, மெருகேற்றிச் சமையல் மேடைக்கும் தரைக்கும் விற்கின்றனர். ‘காஷ்மீர் ஒயிட்’ என்று கடைகளில் வழங்கும் கல்லுக்கும் காஷ்மீருக்கும் தொடர்பில்லை. அது மதுரைப் பகுதியில் வெட்டப்படுவது. பெயர் மாறியதால், வாங்குவோர்க்கு மலையின் ஊரும் மறைந்துவிடுகிறது.

கீழவளவு மலையருகே குவாரிகள் நெருங்கி வந்ததை அங்குச் சென்றோர் அறிவர். 2012-இல் மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடுகள் வெளிப்பட்டன. 2014-இல் உயர் நீதிமன்றம் இ.ஆ.ப. அதிகாரி உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது. தீர்த்தங்கரர் திருவுருவமும் தமிழிக் கல்வெட்டும் உள்ள அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இதற்கு அவ்வூர் மக்களின் விடாமுயற்சி பெருந்துணையாயிற்று.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என்றும் 1992-இல் அறிவிக்கப்பட்டது. பட்டியலில் இடம்பெறாத பள்ளிகளுக்கு இவ்வரண் இல்லை. அவற்றிற்கு நாமே அரண்.

கல்லால் வீடு கட்டுவது குற்றமன்று. நம் ஜினாலயங்களும் கல்லால் ஆனவையே. ஆயினும் பலகை வாங்கும்போது அது எம்மலையில் வெட்டப்பட்டது, உரிய உரிமம் உண்டா என வினவுதல் சிராவகர் கடமை. தத்தம் ஊருக்கு அண்மையிலுள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, படுக்கைகளையும் எழுத்துகளையும் காட்டுவோமாக. மக்கள் வந்து வணங்கும் மலையை வெட்டத் துணிவோர் அரியர்.