முழுக்கு என்னும் ஒரு சொல்

குடமுழுக்கு மலரைக் கையிலேந்தும் அன்பர்கள், அப்பெயரின் பின்பாதியாய் நிற்கும் 'முழுக்கு' என்னும் எளிய சொல்லைச் சிறிது நோக்குதல் நலம். நீரில் முழுதும் அமிழ்தலே அதன் முதற்பொருள்.

யான் தமிழ் பயின்ற திருமடம் காவிரிக் கரையினது. மயிலாடுதுறையில் ஐப்பசித் திங்களின் இறுதி நாள் கடைமுழுக்கு. மறுநாளாகிய கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. நடக்கவியலாது ஒரு நாள் பிந்தி வந்த முடவருக்கும் முன்னாட் பயனையே இறைவன் அருளினான் என்பது தல வரலாறு.

உலக வழக்கில் இச்சொல் பலவாறு கிளைக்கும். தொழிலை விட்டவன் அதற்கு 'முழுக்குப் போட்டான்'. உறவை அறுத்தவன் 'தலைமுழுகினான்'. கருவுற்ற மகளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று தாய்மார் மகிழ்ந்துரைப்பர். மீட்கப்படாத அடகு நகையோ 'முழுகிப் போயிற்று'. என் அன்னையாரின் காசுமாலை அங்ஙனம் போன நாளில், அச்சொல்லை அவர் வாயால் கேட்டேன். இன்றும் அது செவியில் உளது.

இழப்பைச் சுட்டும் சொல் இறைவன் விழாவிற்கும் பெயராயது எங்ஙனம்? மயிலைத் தலமே விடை கூறும். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்துள் இத்தல விழாக்கள் வரிசையாக வருகின்றன. மாசிக் கடலாட்டு அவற்றுள் ஒன்று. இறுதியில் வரும் பெருஞ்சாந்தியைக் குடமுழுக்கு எனக் கொள்வாரும் உளர். 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரும் இதனைக் கடலோரத் தலமாகவே பாடினார். அப்பழங்கோயில், போர்ச்சுக்கீசியர் குடியேறிய 16ஆம் நூற்றாண்டில் அழிந்தது என்பது பெருவழக்கு. சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதன் எச்சம் என்பர். பின்னர், அடியவர் கைப்பொருளால் கபாலீச்சரம் இன்றுள்ள இடத்தில் எழுந்தது. 2004, 2016 ஆகிய ஆண்டுகளிலும் குடமுழுக்குக் கண்டது.

குடமுழுக்கின் முறையும் அத்தகையதே. திருப்பணிக்கு முன் இறையாற்றலைக் குடத்தில் எழுந்தருளுவித்து, இளங்கோயிலில் வைத்துப் போற்றுவர். பணி முற்றியபின் அவ்வாற்றல் வேள்விச்சாலைக் குடநீர் வழியே விமான கலசத்திற்கும் மூலத் திருமேனிக்கும் மீளும். அமிழ்தலோடு முடிவதன்று முழுக்கு. எழுதலும் அதன் பாதியாம்.

மீட்பார் இன்மையால் எங்கள் வீட்டு நகை முழுகிற்று. மீட்பார் இருந்தமையால் மயிலைக் கோயில் எழுந்தது. திருப்பணிக்குப் பொருளீந்த அன்பர்காள்! நீவிர் செய்தது வெறும் கொடையன்று. முன்னோர் நம்மை நம்பி வைத்துச் சென்ற ஈட்டை மீட்டதாகும். பன்னீராண்டுக்கு ஒருமுறை அதனை மீட்கும் கடன் நும் மக்கட்கும் உண்டு என்று அவர்க்குச் சொல்லி வைம்மின்.

திருச்சிற்றம்பலம்.