தேய்ந்த உளி

மலாயாவின் இரப்பர் வரலாற்றில் உளியின் கூர்மைக்கும் பங்குண்டு. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, 1890களில் புதிய பால்வெட்டு முறையை உருவாக்கினார். பழைய வெட்டின் ஓரத்தில் மெல்லிய பட்டையை மட்டும் சீவினால், மரம் பல்லாண்டுகள் பால் தரும்.

அச்சீவலின் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. உளி மழுங்கினால் கை மிகுதியாக அழுத்தும். உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி சீராக வெட்ட இயலாது. ஆதலால், முற்றிலும் மழுங்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது தீட்டுவதே தொழிலின் முதற்பாடம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் உளி இருந்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அதன் அலகு தேய்ந்திருப்பது பழமையால் மட்டுமன்று. நாள்தோறும் காட்டிய அக்கறையாலும்தான்.