ஆக்குத்திசு

தாவரத்தில் தொடர்ந்து பிரிந்து புதிய செல்களை உண்டாக்கும் திசு. இலங்கைப் பாடநூல்களில் பிரியிழையம். வேம்பில் மார்பளவு உயரத்தில் அடித்த ஆணி, இருபது ஆண்டு கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் பெருத்த கட்டை அதை விழுங்கியிருக்கும். மரம் நீள்வது நுனி ஆக்குத்திசுவால். பருப்பது பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்னும் மெல்லிய அடுக்கால்.

இத்தாலியின் மால்பிகியும் இங்கிலாந்தின் நெகேமியா குரூவும் தனித்தனியே தண்டுகளை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1671இல் தம் முடிவுகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்தனர். கிளையில் வளையமாகப் பட்டையை நீக்கிய மால்பிகி, வெட்டுக்கு மேற்புறம் வீங்குவதைக் கண்டார். இலையிலிருந்து இறங்கும் உணவு பட்டை வழியே செல்கிறது என்பதற்கு அது சான்று. கொய்யாவில் விண்பதியம் போடுபவர் நம்புவதும் இதைத்தான். அக்காலத்தில் கேம்பியம் என்பது செல்லடுக்கின் பெயரன்று, பட்டைக்கடியில் ஊறுவதாகக் கருதிய சாற்றின் பெயர். பச்சைக் கொம்பின் பட்டையை உரித்தால் விரல் வழுக்குகிறதே, அந்த ஈரம். கிழிபட்ட இளஞ்செல்களே அப்படிக் கசிகின்றன என்பதால், முன்னோர் கண்டதில் பிழையில்லை. பொருள் கொண்டதில்தான் பிழை.

விதைக்குள் முழுச் செடியும் சிறிதாக மடிந்து கிடக்கிறது என்பது அன்றைய செல்வாக்கான கொள்கை. காஸ்பர் ஃபிரெடரிக் வுல்ஃப், முட்டைக்கோசின் உள்ளிலைகளை ஒவ்வொன்றாக நீக்கி நுனியை அடைந்தார். அங்கே மடிந்த இலை ஏதுமில்லை. உருவமற்ற மென்மேடும் அதன் ஓரத்தில் புடைப்புகளுமே இருந்தன. இலை அவ்விடத்தில் புதிதாக உருவாகிறது என்று 1759இல் எழுதினார். ஆக்குத்திசு வரலாற்றின் உண்மையான தொடக்கம் இதுவே எனலாம்.

1858இல் கார்ல் நேகலி இத்திசுவுக்கு, 'பிரிபட்ட' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மெரிஸ்டெம்' என்று பெயரிட்டார். நீர் கடத்தும் சைலம், உணவு கடத்தும் ஃபுளோயம் ஆகியவையும் அவர் தந்த பெயர்களே. 1868இல் ஹான்ஸ்டைன், நுனியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறப்பிலேயே தனி வேலை உண்டு என்றார். 1924இல் ஷ்மிட் அதைத் தளர்த்தி, மேலுறை, உள்ளுடல் என இரண்டாகப் பிரித்தார்.

1940இல் சட்டினா, பிளேக்ஸ்லி, ஏவரி மூவரும் ஊமத்தையை எடுத்துக்கொண்டனர். கோல்கிசின் (நம் செங்காந்தளிலும் உள்ள நஞ்சு) கொண்டு நுனியின் ஓரடுக்கில் மட்டும் குரோமோசோம்களைப் பெருக்கினர். பெருத்த உட்கருக்களே அடையாளமாக, எந்த அடுக்கு எதுவாயிற்று என்று தொடர முடிந்தது. இத்தகைய கலப்புச் செடிகளில், அடுக்கு மாறிய செல் புதிய இடத்தின் வேலையையே செய்தது. ஹான்ஸ்டைன் சொன்ன பிறவி விதி நிலைக்கவில்லை. இடத்தை அறிவிக்கும் மரபணுக்களைக் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் காட்டிக்கொடுத்தது. அவற்றுள் ஒன்றான 'வுஷெல்', 1996இல் விவரிக்கப்பட்ட திரிபிலிருந்து தெரியவந்தது. அது பழுதானால் நுனி வற்றி, மீண்டும் கிளம்பி, செடி கலைந்த தலைபோல் வளரும். ஜெர்மானியப் பெயரே அந்தப் பரட்டையைக் குறிக்கிறது.

பனை, தென்னைக்குக் கேம்பியம் இல்லை. அறுத்தால் வைரம் வெளிப்புறம், மென்மை உள்ளே. தொல்காப்பிய மரபியல் இதைக் கண்டு, புறக்காழ் (காழ் என்றால் வைரம்) உடையவற்றைப் புல் என்றும் அகக்காழ் உடையவற்றை மரம் என்றும் வகுத்தது. சைலத்துக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் பெயரும் காழ். தென்னைக்கு உள்ளது ஒரே நுனி. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து அதுவரை போய்விட்டால் மரம் பிழைப்பதில்லை.