அம்மாவைப் பெயர் சொன்ன பிள்ளைகள்: புடுகு, சின்-சான், சித்தூர் எல்லை

2008ஆம் ஆண்டு இந்திய அரசு ஓர் ஐந்து வயதுச் சிறுவனைத் தொலைக்காட்சியிலிருந்து விலக்கியது. அவன் பெயர் நொஹாரா சின்னோசுகே; இந்தியக் குழந்தைகளுக்குச் ‘சின்-சான்’. 2006 ஜூன் மாதம் ஹங்காமா தொலைக்காட்சியில் அறிமுகமான அந்த ஜப்பானிய உயிரோவியத் தொடர், பெற்றோரின் புகார்களையடுத்துத் தடைக்கு உள்ளாகி, 2009இல் வெட்டுகளோடு திரும்பி வந்தது. அதில் மந்திரமோ போரோ முதன்மை பெறுவதில்லை. தோக்கியோவுக்கு வடக்கே கசுகாபே என்னும் ஊரில், 32 ஆண்டு வீட்டுக்கடனைச் சுமந்துகொண்டிருக்கும் ஓர் அலுவலக ஊழியரின் குடும்பம். மழலைப் பள்ளி, கடைத்தெரு, காலையில் தவறவிடும் பள்ளி வண்டி. இவ்வளவுதான் கதைப்பொருள். பெற்றோரை உறுத்தியவை அச்சிறுவனின் பிட்டம் காட்டும் ஆட்டமும், இளம்பெண்களிடம் அவன் அசடு வழிவதும், பெரியவர்களுக்கு அவன் சொல்லும் பதில்களுமே. தாயைச் சில வேளைகளில் ‘மிசாயே’ என்று பெயர் சொல்லியே அழைப்பான்.

இந்தக் கடைசிப் பழக்கம் சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் தெலுங்கு வாசகருக்குப் புதிதன்று. 1950களின் நடுவில் சென்னையிலிருந்து வெளிவந்த ஆந்திர பத்திரிகா வார இதழில் முள்ளபூடி வெங்கடரமணா எழுதி, பாபு படம் வரைந்த ‘புடுகு’ தெலுங்கு வீடுகளில் செல்லப்பிள்ளையாகவே குடியேறியவன். அவனும் தாயை ராதா என்றும் தந்தையைக் கோபாளம் என்றும்தான் குறிப்பிடுவான். வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியரை அவன் படுத்தும் பாடு தனி. பெரியவர்கள் தமக்குள் மறைத்துப் பேசுவதை அரைகுறையாகக் கேட்டு, முழுமையாக ஒப்பிப்பான். இன்றும் புடுகு தடை செய்யப்பட வேண்டியவன் என்று சொன்னால் தெலுங்கு வாசகர் சிரிப்பர்.

ஒரே குறும்பு ஓரிடத்தில் செல்லமாகவும் ஓரிடத்தில் கேடாகவும் கொள்ளப்பட்டது ஏன்? ‘நம் பிள்ளை, அயல் பிள்ளை’ என்று விடை சொல்வது எளிது; ஆனால் அது போதாது. புடுகு பிறந்தது பெரியவர்கள் படிக்கும் வார இதழில். தம் மணவாழ்வையும் போலி கௌரவத்தையும் ஒரு பொடியன் வாயால் கேட்டுப் பெரியவர்கள் தம்மைப் பார்த்தே சிரித்துக்கொண்டனர். சின்-சானின் பிறப்பும் அப்படிப்பட்டதே. உசுயி யோஷிட்டோ 1990இல் அவனைப் படைத்தது ‘வீக்லி மாங்கா ஆக்ஷன்’ என்னும் வயதுவந்தோர் இதழில். 1992இல் தொலைக்காட்சிக்கு வந்த பிறகே அவன் குழந்தைகளுக்கு உரியவனானான். புகார்களும் அதன் பின்னரே பெருகின. ஜப்பானின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு நடத்திய கணக்கெடுப்புகளில், பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகளின் வரிசையில் இத்தொடர் ஆண்டுக்கணக்கில் முன்னணியில் நின்றது. ஆக, இந்தியப் பெற்றோரின் எரிச்சலை வெறும் ‘பண்பாட்டு மோதல்’ என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனமான வரலாறு. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட ஒன்று, இரு நாடுகளிலும் குழந்தைகள் முன் வைக்கப்பட்டபோது பெரியவர்களே முகம் சுளித்தனர்.

ஜப்பானில் அந்தப் பெரியவர்களுக்கு இன்னொரு வாயில் திறந்தது. 2001இல் ஹாரா கெய்இச்சி இயக்கிய சின்-சான் திரைப்படத்தில், கடந்த காலத்தின் மணத்தில் மயங்கிப் பெற்றோர் பிள்ளைகளையே மறந்துவிடுகின்றனர். தந்தையை மீட்பது அவருடைய காலணியின் நாற்றம். பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற பெற்றோர் அழுத படம் என்றே அது ஜப்பானில் நினைவுகூரப்படுகிறது. இந்தியப் பெற்றோருக்கு அத்தகைய அறிமுகம் தொடக்கத்தில் வாய்க்கவில்லை. பள்ளி விட்டு வந்த பிள்ளையின் நிகழ்ச்சியாக, அடுக்களையிலிருந்து காதில் விழுந்த குரலாக மட்டுமே அவர்கள் அதை அறிந்தனர்.

அந்தக் குரலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய வீட்டில் வெளியிலிருந்து வருபவர் ‘ததைமா’ என்பார். வீட்டிலிருப்பவர் ‘ஒகாஎரி’ என்று வரவேற்பார். சின்னோசுகே வீட்டுக்குள் நுழையும்போதே ‘ஒகாஎரி’ என்பான், தாய் திருத்துவாள். மரபுத் தொடரை இடம் மாற்றிச் சொல்லும் குழந்தையின் தடுமாற்றமே அங்கே நகைச்சுவை. தமிழில் கிளம்புபவருக்குப் ‘போய்விட்டு வருகிறேன்’ உண்டு. ‘போகிறேன்’ என்றால் பாட்டி கண்டிப்பாள். திரும்பி வருபவருக்கோ அத்தகைய வாய்பாடு இல்லை. தெலுங்கிலும் ‘வெள்ளொஸ்தானு’ உண்டு, வருகைக்கு நிகரான சொல் இல்லை. மரியாதை வாய்பாட்டைக் குழப்பும் வேடிக்கையை மொழிமாற்றம் கொண்டுசேர்க்க இயலாதபோது எஞ்சுவது ‘நீ’, ‘டா’, ‘ரா’ ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுதான். தடுமாற்றம் திமிராக ஒலிக்கத் தொடங்குகிறது.

மொழியே குற்றச்சாட்டான இடங்களும் உண்டு. 2013 பிப்ரவரியில் வங்கதேச அரசு இந்தி பேசிய ‘டோரேமான்’ ஒளிபரப்பை நிறுத்தியது. பிள்ளைகள் வங்கமொழியைவிட இந்தியில் தாராளமாகப் பேசுகின்றனர் என்பது கவலை. 2016இல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டமன்றத்திலும் அதே தொடருக்கு எதிராகத் தீர்மானம் அளிக்கப்பட்டது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1969 இறுதியில் தொடங்கிய, வீட்டுப்பாடம் செய்யாத ஒரு மாணவனின் கதை இரண்டு நாடுகளில் மொழி அரசியலாயிற்று.

சித்தூர் எல்லை மொழி அரசியல் அறியாத மண் அன்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின், பட்டாஸ்கர் தீர்ப்பு ஊர்களை ஊர் ஊராக மொழிவாரியாக எண்ணியது; 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், செங்கல்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திரத்துக்கும் சென்றன. கோடு போட்ட பிறகும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் வீடுகளில் இருமொழியும் நின்றன. 1947 ஜூலை முதல் நாகிரெட்டி, சக்ரபாணியின் ‘சந்தமாமா’வும் ‘அம்புலிமாமா’வும் ஒரே ஓவியத்தைத் தெலுங்கு எழுத்தோடும் தமிழ் எழுத்தோடும் அச்சிட்டு வந்ததால், படம் பொது, மொழி வேறு என்னும் நிலை இவ்வட்டாரத்துக்கு அரை நூற்றாண்டுப் பழக்கம். 2007இல் சுட்டி டிவியும் 2009இல் குஷி டிவியும் வந்தபோது அதே ஏற்பாடு தொலைக்காட்சிக்கு மாறிற்று. டாக்காவில் ஆபத்தாகத் தெரிந்தது இங்கே ரிமோட்டில் ஒரு பொத்தான்.

ஆயினும் இந்த எல்லைப்புறக் குழந்தைகள் எதை எந்த மொழியில் கேட்டு எங்கே சிரித்தனர் என்பதற்கு ஆவணக் காப்பகத்தில் கோப்பு இராது. புகாருக்கு விண்ணப்பம் உண்டு, தடைக்கு ஆணை உண்டு. சிரிப்புக்கு எழுத்துச் சான்று ஏது? ‘பார்வையாளர் எதிர்வினை’ என்று ஆய்வேடுகள் எழுதுவதில் பெரும்பகுதி, உண்மையில், பார்வையாளர்களுடைய பெற்றோரின் எதிர்வினை. 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள்கூடக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் தீய சொல் இருத்தலாகாது என்கின்றன. எது தீய சொல் என்று குழந்தையைக் கேட்க வேண்டிய கடமை அதில் யாருக்கும் இல்லை.

2006இல் ஆறு வயதாக இருந்தவர்கள் இப்போது இருபத்தைந்தைக் கடந்துவிட்டனர். திருப்பதியின் பல்கலைக்கழகங்களிலும், குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழகத்திலும், சித்தூரின் கல்லூரிகளிலும் அவர்களுள் பலர் மாணவராகவோ ஆய்வாளராகவோ இருக்கக்கூடும். வெட்டுவதற்கு முந்தைய சின்-சானைப் பார்த்தவர்கள் அவர்கள்தாம். எந்தக் காட்சியில் அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள் என்பதை அவர்களிடம் இன்னும் கேட்டுப் பதிவு செய்ய முடியும்.