மாந்தை: கராம்பும் எலும்பும்

மன்னாருக்குப் போறவர்கள் முதலில் படம் எடுப்பது கோட்டையைத்தான். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆனால் இந்தக் கரையின் பழைய துறைமுக நகரம் தீவில் இல்லை. பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால், திருக்கேதீச்சரம் கோயிலடியில் பற்றை மூடின மேடு ஒன்று இருக்கு. அதுதான் மாந்தை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம் இதுதான். பாளி நூல்கள் சொல்லுகிற மகாதித்தவும் இதுதான். நாங்கள் போன நாளில் வாகனங்கள் வரிசையாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேட்டடியில் ஒன்றும் நிற்கவில்லை.

ஏன் இந்த இடத்தில் துறைமுகம்? மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கடல் ஆழமில்லை, மணல்திட்டுகள் வேறு. பெரிய கப்பல் தாண்டிப் போக ஏலாது. அதனால் மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் இங்கே கைமாறின. உள்நாட்டில் அனுராதபுரம் தலைநகராக இருந்த காலமெல்லாம் அதன் கடல்வாசல் இதுவே.

1980களின் தொடக்கத்தில் ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில் சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் ஒரே மேட்டிலிருந்து வந்தன. 1984இல் போர் அந்த வேலையை நிறுத்தியது. போர் முடிந்த கையோடு, 2009-10இல், மறுபடி சிறிய அளவில் தோண்டினார்கள். அதில் ஒரு கராம்பு கிடைத்தது. வயது கி.பி. 900க்கும் 1100க்கும் இடையில். அந்தக் காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். எத்தனை கை மாறி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

நாங்கள் சொல்ல வாறது இதுதான். மாந்தை தமிழருக்குச் சொந்தமா, சிங்களவருக்குச் சொந்தமா என்று சண்டை பிடிக்கிறோம். மண்ணோ வேறு கதை சொல்லுது. ஆளுக்கொரு பாஷை பேசினவர்களும் ஆளுக்கொரு சாமி கும்பிட்டவர்களும் வந்து போனதால்தான் இது நகரமானது. ஒருத்தருக்கு மட்டும் சொந்தமான துறைமுகம் என்று ஒன்று இருக்க முடியாது.

எங்கள் காலத்தில் அந்த மன்னாருக்கு என்ன நடந்தது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார் முஸ்லிம்களும் பிறந்த ஊரை விட்டுப் போனார்கள். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்குக் கிட்ட தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டினபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள்.

மேட்டிலிருந்து வந்த கராம்புக்கு இன்றைக்கு வயதும் தெரியும், ஊரும் தெரியும். குழாய்க் கிடங்கிலிருந்து வந்த எலும்புகளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆயிரம் வருசத்துக்கு முந்திய சரக்கைத் தேட எடுத்த கவனத்தை, நேற்றுக் காணாமல் போன மனிதருக்கும் எடுக்கவேண்டும் என்று கேட்பது வரலாற்றுக்கு வெளியே நிற்கிற கேள்வி இல்லை. இதுவும் வரலாறுதான்.

மன்னாருக்குப் போனால் கோட்டையைப் பாருங்கள், பெருக்கு மரத்தையும் பாருங்கள். திரும்பி வரும்போது மாந்தை மேட்டடியில் கொஞ்ச நேரம் இறங்கி நில்லுங்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. யோசிக்க நிறைய இருக்கு.